புது ரவுட்டர் வந்தாச்சு... லேப்டாப் மட்டும் முறைக்குது!

புதுப் பேனா வாங்கினால் கையெழுத்து திருந்திவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்போது புது ரவுட்டர் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

பெட்டியைத் திறந்தால் நாலு ஆன்டெனாவுடன், மல்லாக்கப் போட்ட கரப்பான்பூச்சி மாதிரி ஒரு வஸ்து. அட்டையில் 'வைஃபை 6' என்று கொட்டை எழுத்து. (இந்த 4, 5, 6 நம்பரெல்லாம் 2018-ல் வைத்ததுதான். அதற்கு முன்னால் 802.11 என்று ஆரம்பித்து பஸ் ரூட் மாதிரி ஒரு பெயர். கடைக்காரருக்கே வாயில் நுழையாது.) மாட்டியதும் செல்போன் பறக்கிறது. டி.வி. பறக்கிறது. லேப்டாப் மட்டும் நொண்டுகிறது. அதுவும் எப்போது? மானேஜர் "கேன் யூ ஹியர் மீ?" என்று கேட்கிற அந்த விநாடியில்!

எங்கள் மாடி போர்ஷன் தம்பிக்கும் இதே கதைதான். ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பில் சரிபார்க்கிற வேலை. ஆறு மாசம் ப்ரொபேஷன். ஐந்தாவது மாசம் புது ரவுட்டர் வந்தது. அன்றிலிருந்து மீட்டிங்கில் பாதி வாக்கியத்தில் ஆள் காணாமல் போய்விடுகிறார். மேலதிகாரி முதலில் சிரித்தார். அப்புறம், "நெட்டை சரி பண்ணுங்க தம்பி" என்றார். மூன்றாவது வாரம் மெயில் வந்தது. ஹெச்.ஆருக்கு ஒரு காப்பி போட்டு. அந்தக் காப்பிக்கு என்ன அர்த்தம் என்று ஆபீஸ் போகிற வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"அண்ணே, நீங்கதான் பத்திரிகையில என்னென்னவோ எழுதறீங்களே, கொஞ்சம் வந்து பாருங்கண்ணே. கன்ஃபர்மேஷனுக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு."

அதற்குள் அவர் செய்யாத வைத்தியம் இல்லை. ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு. குண்டூசியால் குத்தி ரீசெட் பண்ணியாச்சு. கஸ்டமர் கேரில் இருபது நிமிஷம் ம்யூஸிக் கேட்டாச்சு. லைன்மேன் வந்து, செல்போனில் ஒரு பாட்டை ஓடவிட்டு, "சூப்பரா வருதே ஸார்!" என்று சொல்லிவிட்டுப் போயாச்சு.

நான் பி.காம். படித்த ஆசாமி. ட்ரயல் பேலன்ஸ் இடித்தால் எல்லா லெட்ஜரையும் கிழித்துப்போட்டு மறுபடி எழுதக் கூடாது, எந்தப் பக்கம் இடிக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நெட்டுக்கும் அதே கணக்குதான். உங்கள் வீட்டில் பாதை இரண்டு துண்டு. லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் வரை காற்றில். ரவுட்டரிலிருந்து வெளியே கண்ணாடி இழையில். எந்தத் துண்டு அறுகிறது?

கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். முதல் வேலை, ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு நேராக ஒரு லான் ஒயர். தம்பியின் ஆபீஸ் லேப்டாப் செங்கல் கனத்தில் பழைய மாடல். நல்லவேளை, அதற்கான துளை இருந்தது. இரண்டு மணி நேரம் ஒரு தடங்கல் இல்லை. ஆக, வெளியே வருகிற லைன் நிரபராதி. கம்பெனிக்காரனைத் திட்டிய திட்டெல்லாம் வாபஸ்.

அடுத்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு வைஃபையில் 'பிங்'. கமாண்ட் ப்ராம்ப்ட் என்று ஒரு கறுப்பு ஜன்னல் இருக்கிறதே, அதில் இரண்டைத் திறந்து வைத்தோம். ஒன்றில் ரவுட்டரின் விலாசம், 192.168.0.1. இன்னொன்றில் வெளியுலகத்து விலாசம் ஒன்று, 8.8.8.8. விநாடிக்கு ஒரு தடவை "இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும், எதிர்ப்பக்கம் "இருக்கேன்" என்கும். முதல் ஜன்னலில் பதில் நின்றால் தகராறு காற்றில். இரண்டாவதில் மட்டும் நின்றால் தகராறு வெளியே. இதுதான் சாஸ்திரம்.

காபி வந்தது. குடித்தோம். தம்பி எழுந்துபோய் ரூம் கதவைச் சாத்தினார். அப்போது நடந்தது சாஸ்திரத்தில் இல்லாதது.

முதல் ஜன்னலில் ரவுட்டர் பதில் சொல்வதை நிறுத்திவிட்டது. சரி, காற்றுதான் என்று நினைப்பதற்குள், இரண்டாவது ஜன்னலில் நாலைந்து வரி தடுமாறிவிட்டு, வெளியுலகம் "இருக்கேன், இருக்கேன்" என்று மறுபடி ஆரம்பித்துவிட்டது!

யோசித்துப் பாருங்கள். வாசற்படியைக் காணோம், ஆனால் ஆள் தெருவில் நிற்கிறான். அப்படியானால் வீட்டுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது!

'ஐபிகான்ஃபிக்' என்று அடித்துப் பார்த்தோம். 'டிஃபால்ட் கேட்வே' என்ற வரியில் இப்போது 192.168.1.1. அரை மணி முன்னால் அது 0.1. பெட்ரூம் ஜன்னல் ஓரம், பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால், நெட் கம்பெனி இரண்டு வருஷம் முன்னால் மாட்டிய பழைய பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. ஃபைபர் ஒயர் வந்து முடிகிற பெட்டி அதுதான். அதை எடுக்க முடியாது. ஆனால் அதற்குள்ளும் ஒரு வைஃபை உண்டு. அதை யாரும் நிறுத்தவில்லை. புது ரவுட்டரை மாட்டிய கடைப் பையன், டி.வி.யிலும் போனிலும் மறுபடி பாஸ்வேர்டு அடிக்கிற தொல்லை வேண்டாமே என்று, பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் புதுசுக்கும் அப்படியே வைத்துவிட்டான். நல்ல எண்ணம்தான்!

லேப்டாப்புக்கு இரண்டும் ஒரே வீடு மாதிரிதான் தெரியும். எதைப் பிடிப்பது என்று முடிவு செய்வது பெரும்பாலும் ரவுட்டர் இல்லை, லேப்டாப். ஹாலிலிருந்து வரும் புது ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். பெட்ரூமில் இருக்கிற பழைய பெட்டியின் 2.4 நிதானம், ஆனால் பக்கத்திலேயே இருக்கிறது. கதவு திறந்திருந்தால் புதுசு, சாத்தினால் பழசு என்று நாள் முழுக்க இங்கேயும் அங்கேயும் தாவல்.

தாவினால் என்ன குடி முழுகிப்போச்சு? ஒவ்வொரு தாவலிலும் லேப்டாப்பின் விலாசம் மாறுகிறது. போனில் பாட்டு கேட்பவருக்கு அது தெரியவே தெரியாது. அரை நிமிஷத்துக்கான பாட்டு முன்னாலேயே இறங்கி இருக்கும். ஆனால் ஆபீஸ் லேப்டாப்பில் வி.பி.என். என்று ஒன்று ஓடுகிறது. ஆபீஸ் வரை போடும் ரகசியச் சுரங்கம். விலாசம் மாறினால் அதில் பல ரகங்கள் "நீ யாரு?" என்று கேட்டு மூடிக்கொள்ளும். மீட்டிங் அதற்குள்ளே. தம்பியும் அதற்குள்ளே. லைன்மேன் ஏன் "சூப்பரா வருதே" என்றார் என்று இப்போது புரிகிறதா?

வைத்தியம் பத்து நிமிஷம். ப்ரௌஸரில் 192.168.1.1 அடித்து, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கிற பாஸ்வேர்டைப் போட்டு, பழைய பெட்டியின் வைஃபையை மட்டும் நிறுத்தினோம். (பெட்டியையே நிறுத்திவிடாதீர்கள், வீடே இருட்டு!) சில கம்பெனிகள் இந்தப் பக்கத்தைப் பூட்டி வைத்திருப்பார்கள். அப்போது கஸ்டமர் கேரில், "அந்தப் பெட்டியின் வைஃபையை மட்டும் ஆஃப் பண்ணிக் கொடுங்க" என்று கறாராகக் கேளுங்கள். "நெட் ஸ்லோ" என்று சொன்னால் மறுபடி பாட்டு போடுகிற லைன்மேன்தான் வருவார். புது ரவுட்டரை 'ஆக்ஸஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றுவது இன்னொரு வழி. அப்போது தாவினாலும் விலாசம் மாறாது.

எல்லார் வீட்டிலும் பழைய பெட்டி குற்றவாளியாக இருக்காது. புது ரவுட்டரின் பெயரே லேப்டாப்பில் தெரியவில்லை, போனில் தெரிகிறது என்றால், லேப்டாப் வைஃபை கார்டின் டிரைவர் பழசு. கார்டு தயாரித்தவர்களின் தளத்திலிருந்து புதுசு போட வேண்டும். பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டு சரி, ஆனாலும் உள்ளே விடவில்லை என்றால் ரவுட்டரில் பாதுகாப்பை டபிள்யூ.பி.ஏ.3-லிருந்து டபிள்யூ.பி.ஏ.2-வுக்கு இறக்கிப் பாருங்கள். சும்மா வைத்துவிட்டு வந்தால் மட்டும் அறுகிறதா? டிவைஸ் மானேஜரில் வைஃபை கார்டின் பவர் மானேஜ்மென்ட்டுக்குப் போய், கரன்ட் மிச்சம் பிடிக்க கார்டை அணைக்கலாம் என்று இருக்கும் டிக்கை எடுங்கள். சமையலறையில் மைக்ரோவேவ் ஓடும்போதெல்லாம் தகராறா? அதுவும் 2.4-லேயே குடியிருக்கிற பிராணி. லேப்டாப்பை 5-க்கு மாற்றுங்கள். எதுவானாலும் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஒரு நாள் பாருங்கள். ஒரே ராத்திரியில் ஆறை மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

இதில் டிரைவர் சமாசாரத்துக்கு ஒரு முட்டுக்கட்டை உண்டு. ஆபீஸ் லேப்டாப் என்றால் அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்காது. ஐ.டி. டிபார்ட்மென்ட்டுக்கு டிக்கெட் போட வேண்டும். "வைஃபை சரியில்லை" என்று எழுதினால் அது வரிசையில் கடைசி. "ரவுட்டருக்கு பிங் நிற்கிறது, ஒயரில் நிற்கவில்லை, கார்டின் டிரைவர் தேதி இது" என்று எழுதுங்கள். அவர்களுக்கும் வேலை மிச்சம், உங்களுக்கும் மரியாதை.

மாடித் தம்பி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அடுத்த பதினெட்டு நாளும் அறுபடாமல் பேசினார். கன்ஃபர்மேஷன் கடிதம் வந்துவிட்டது. மைசூர்பாகு கொடுக்க வந்தவர் முகத்தில் மட்டும் சந்தோஷத்தைக் காணோம்.

"என்ன தம்பி, மறுபடியும் நெட்டா?"

"நெட் நல்லா இருக்குண்ணே. அதான் பிரச்னை. இனிமே காலையில ஒன்பது மணி மீட்டிங்குக்கு எல்லாரும் கேமரா ஆன் பண்ணணுமாம்."

அதற்கு ரவுட்டரில் செட்டிங் எதுவும் இல்லை.