காடும் கடலும் ஒரே பயணத்தில்

தாடிக்கொம்பில் என்னிடம் பயணச் செலவுக்குக் கணக்குக் கேட்போர் தான்சானியாவைச் சொல்கின்றனர்: செரெங்கெட்டியில் சிங்கம், பின்னர் சான்சிபாரில் கடற்கரை. விமானக் கட்டணம் என்னும் நிலைச் செலவை இரு இன்பங்களுக்குப் பகிர்வது நல்ல பொருளியல்தான். ஆனால், அந்தச் செலவே சிறிதாகும் இடம் அருகில் உள்ளது. மதுரையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ ஒரு மணி நேரம். இலங்கையின் யால தேசியப் பூங்காவுக்கு ஓர் எல்லையே கடல். சிறுத்தைக்கும் யானைக்கும் பெயர்பெற்றது.

மாதம் தவறினால் கணக்குப் பிழைக்கும். மே முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் தென்கரை கொந்தளிக்கும். காட்டிலோ வறட்சி மிகுந்து விலங்குகள் நீர்நிலைகளில் கூடும். அப்போது கிழக்கே அறுகம் குடாவில் தங்குவதே முறை. பிப்ரவரி, மார்ச்சில் மிரிசா போன்ற தென்கரை ஊர்கள் ஏற்றவை. செப்டம்பர் வாக்கில் வறட்சியால் பூங்காவின் முதன்மைப் பகுதியை மூடுவது வழக்கம். விசாரித்தபின் முன்பதிவு செய்க.

காட்டுக்கு இரண்டு நாள் போதும். ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப்புகள் மொய்ப்பது, நெரிசலுக்கு விலை வைக்காத சந்தையின் விளைவு.

இந்த இணைப்பு நமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்வோர், கடலோர உகந்தை முருகனை வணங்கிவிட்டு, குமண, யால காடுகளை நடந்தே கடக்கின்றனர். ஆடித் திருவிழாவையொட்டி அக்காட்டுப் பாதை அவர்களுக்காகச் சில நாள்கள் திறக்கப்படுகிறது.