நாள் வாடகை வீட்டுக்கு பிளான் போடும் முறை

உப்பளத்திலிருந்து புதுச்சேரி கடற்கரை அதிகத் தொலைவில்லை. அதனால் மாடி அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விட நினைக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்தில் பதிய வேண்டுமானால் உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். 6 அறை, 12 படுக்கைக்கு மேல் விடக்கூடாது. வெள்ளித் தரத்துக்கு ஒவ்வோர் அறையும் குறைந்தது 120 சதுர அடி, குளியலறை 30 சதுர அடி. தங்கத் தரத்துக்கு 200, 40. இந்த அளவுகள் பிளானில் பிழையில்லாமல் தெரிய வேண்டும்.

1. பழைய தாள்களை எடுங்கள். பத்திரம், புதுச்சேரி நகர அமைப்புக் குழுமம் ஒப்புதல் தந்த பிளான் இரண்டும் கையில் இருக்கட்டும். பத்திரத்தில் பரப்பு ஆர் கணக்கில் இருந்தால், ஓர் ஆர் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 1,076 சதுர அடி.

2. கைப்படம் போடுங்கள். தெருவாசலில் தொடங்கி, வலக்கைப் பக்கச் சுவரை விடாமல் தொடர்ந்து வீட்டைச் சுற்றி வாருங்கள். அப்படி வந்தால் எந்த அறையும் விடுபடாது. தளத்துக்கு ஒரு தாள். திசைகாட்டி வைத்து வடக்கைக் குறியுங்கள்.

3. உள்ளளவு எடுங்கள். அதிகம் தவறு நேர்வது இங்கேதான். பூச்சு முதல் பூச்சு வரை, அறையின் உள்ளேதான் அளக்க வேண்டும். 10க்கு 12 அடி அறை சரியாக 120 சதுர அடி. 9 அங்குலச் சுவர்களையும் சேர்த்து வெளியே அளந்தால் அதே அறை 155 சதுர அடிக்கு மேல் காட்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி நாடா பிடித்ததும் அந்த 35 சதுர அடி காணாமல் போகும். பழைய வீடுகளில் மூலைகள் கோணியிருக்கும். அதனால் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். 10க்கு 12 அறையில் இரண்டும் 15 அடி 7½ அங்குலத்தை ஒட்டி வர வேண்டும். சுவரின் கனத்தை வாசல் நிலையருகே அளந்துகொள்ளலாம்.

4. சன்னலைக் கணக்கிடுங்கள். நம் ஊரைப் போன்ற ஈரவெப்பக் கடற்கரைப் பகுதிக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு கேட்கிறது. 120 சதுர அடி அறைக்கு அது 20 சதுர அடி. புழுக்கத்தில் தூங்கப்போகிறவர் விருந்தாளி என்பதை மறக்க வேண்டாம்.

5. அளவுகோலில் வரையுங்கள். 1:100 என்றால் தாளில் ஒரு சென்டிமீட்டர், தரையில் ஒரு மீட்டர். முதலில் வெளிச்சுவர், பிறகு உட்சுவர், கடைசியில் கதவு, சன்னல், படிக்கட்டு. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதை வளைகோட்டால் காட்டுங்கள். ஒவ்வோர் அறையிலும் எண்ணும் பரப்பும் எழுதுங்கள். குடும்பம் புழங்கும் அறை எது, வாடகைக்கு விடும் அறை எது என்று பிரித்துக் காட்டுங்கள். தீயணைப்பான் இருக்கும் இடத்தையும் குறியுங்கள்.

6. ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்புதல் பிளானில் இல்லாத மாடி அறையோ தகரக் கொட்டகையோ நிற்கிறதென்றால், அதை மறைத்து வரையக்கூடாது. உள்ளதை உள்ளபடி காட்டி, முறைப்படுத்த வழியிருக்கிறதா என்று பதிவுபெற்ற பொறியாளரிடம் கேட்டபின் விண்ணப்பியுங்கள்.

7. வீட்டைப் பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். கடைக்கோடி அறையிலிருந்து தெருவுக்கு வரும் வழியை அவர் விரலால் தடுமாறாமல் காட்டினால் பிளான் தேறியது. நள்ளிரவில் புகை சூழும்போது, ஊருக்குப் புதியவருக்கு அந்த வழி தெரிந்திருந்தாக வேண்டும். அலுவலகத்துக்குக் கொடுக்கும் பிரதியோடு நிறுத்திவிடாமல், ஒவ்வோர் அறைக் கதவின் உட்புறமும் ஒரு பிரதியை ஒட்டிவிடுங்கள்.