பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும் முடிவு: மழைக்கு முன்பே எழுதிவைப்போம்

பாடசாலைப் பாதுகாப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மதில், நுழைவாயில், காவலாளி. ஆனால் கிழக்கு மாகாணம் கண்ட இரண்டு பெருந்துயரங்கள் மதிலுக்கு வெளியேதான் நடந்தன. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து, காலையில் பாடசாலைக்குப் புறப்பட்ட சிறார்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். 2024 நவம்பர் 26 அன்று மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரம், காரைதீவு மாவடிப்பள்ளிப் பகுதியில் வெள்ளத்தில் அள்ளுண்டது. அந்த ஜனாஸாக்களை இந்தச் சமூகம் மறக்கவில்லை.

இரண்டுமே நவம்பர் மாதம். வடகீழ்ப் பருவமழை எப்போது வரும் என்பது நமக்குத் தெரியும். ஆனாலும், மழை வலுத்து வீதியில் நீர் ஏறிய பிறகுதான் "பிள்ளைகளை அனுப்புவதா, வைத்திருப்பதா?" என்று பல இடங்களில் யோசிக்கத் தொடங்குகிறோம். அந்த நேரத்தில் பெற்றோரின் தொலைபேசி அழைப்புகளுக்கு நடுவே ஓர் அதிபர் தனியாக எடுக்கும் முடிவு சரியாக அமையலாம், அமையாமலும் போகலாம். எனவே அந்த முடிவுக்கான விதிகளை முன்கூட்டியே எழுதிவைப்பதே முதல் வேலை.

என்ன எழுத வேண்டும்?

முதலாவது, பாதைப் பட்டியல். எந்த மாணவர் எந்த ஊரிலிருந்து, எந்த வாகனத்தில், எந்தத் தாம்போதியை அல்லது ஆற்றைக் கடந்து வருகிறார் என்பது வகுப்பாசிரியரிடம் இருக்க வேண்டும். பெற்றோரின் இலக்கங்கள் தாளிலும் இருக்கட்டும். மின்சாரம் போனால் கைபேசியை நம்ப முடியாது.

இரண்டாவது, அனுப்பும் விதி. வீதிக்கு மேலாக நீர் ஓடினால் எந்த வாகனத்திலும் அனுப்புவதில்லை. பதிவுசெய்த பாதுகாவலரிடம் மட்டுமே பிள்ளையை ஒப்படைப்பது. அதிபர் இல்லாத நாளில் யார் தீர்மானிப்பது என்பதும் பெயருடன் எழுதப்பட வேண்டும்.

மூன்றாவது, தங்கவைக்கும் ஏற்பாடு. ஓர் இரவு தங்க மேல்மாடி வகுப்பறை, குடிநீர், உலர் உணவு, டோர்ச், பாய், பெண் பிள்ளைகளுடன் இருக்க ஆசிரியைகள். இவை இல்லாத இடத்தில், அனுப்பிவிடுவதைத் தவிர வேறு வழி தெரியாது.

நான்காவது, பயிற்சி. ஆசிரியர் கலாசாலையில் கற்பித்தல் முறைகளும் உளவியலும் படித்து வந்த நமக்கு முதலுதவியும் கைவர வேண்டும். நீரில் மூழ்கியவருக்கு நெஞ்சை அழுத்துவதோடு செயற்கைச் சுவாசமும் கொடுக்க வேண்டும். அதை வாசித்து அறிந்தால் போதாது, செய்து பழக வேண்டும். இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸ் படையணியும் முதலுதவிப் பயிற்சி அளிக்கின்றன. தவணைக்கு ஒருமுறை மாணவரையும் சேர்த்து ஒத்திகை பார்த்தால்தான் எழுதியது நடைமுறையாகும்.

இதற்கான அரச கட்டமைப்பு ஏற்கனவே இருக்கிறது. சுனாமிக்குப் பின் வந்த 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் இயங்குகிறது. அதன் மாவட்டப் பிரிவின் உதவியைப் பாடசாலைகள் கேட்டுப் பெறலாம். அவசர இலக்கங்களை ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒட்டுவோம்: அனர்த்தம் 117, அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, சிறுவர் பாதுகாப்பு 1929.

கல்வி அமைச்சின் பாடசாலை முறைமைக்கு வெளியே இயங்கும் மத்ரஸாக்கள், அரபுக் கல்லூரிகள் மீது நாம் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் தூரத்து ஊர்களிலிருந்து வருகிறார்கள். அங்கே வலயக் கல்விப் பணிமனையின் அறிவுறுத்தலுக்குக் காத்திராமல், பள்ளிவாசல் நிர்வாகமும் பெற்றோரும் கிராம உத்தியோகத்தரும் சேர்ந்தே இந்த விதிகளை எழுதலாம்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். "இன்று பிள்ளை இங்கேயே தங்கட்டும்" என்று ஆசிரியர் சொன்னால் வற்புறுத்தி அழைக்காதீர்கள். பிள்ளைகள் நம் அனைவரிடமும் உள்ள அமானத். அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுத்தால், மழை வரும்போது முடிவு தயாராக இருக்கும்.