நிலம் நகர்ந்தால் கூடவே நகரும் அரங்கம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு விளையாட்டரங்கம் இருக்கிறது. 1923-ல் கட்டியது. பல்லாயிரம் பேர் உட்காரலாம். ஒரு கோல் கம்பத்திலிருந்து மறு கோல் கம்பம் வரை, அதன் தரைக்கடியில் ஓடுகிறது ஹேவர்ட் பிளவுக்கோடு. இரண்டு பெரும் பாறைப் பாளங்கள் உரசிக்கொண்டு எதிரெதிராக நகரும் இடத்தைத்தான் பிளவுக்கோடு என்கிறார்கள்.

சாதாரண நாட்களில் இந்த நகர்வு ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான். ஒரு மாதத்தில் நம் கைநகம் வளரும் அளவு. ஆனாலும் அரங்கச் சுவரில் விரிசல் விழ அது போதுமானதாக இருந்தது. பாளங்கள் எங்காவது சிக்கிக்கொண்டால் விசை பல பத்தாண்டுகளுக்குச் சேரும். பிறகு சில நொடிகளில் விடுபடும். 1868 அக்டோபர் 21-ல் அப்படித்தான் ஹேவர்ட் குலுங்கியது.

இத்தகைய நிலத்தை எத்தனை கான்கிரீட் கொட்டினாலும் கட்டிப்போட முடியாது. பொறியாளர்கள் எதிர்வழியில் யோசித்தார்கள்: அரங்கத்தையே வெட்டிவிட்டார்கள்! பிளவுக்கோடு கடக்கும் இடங்களில் இருக்கைப் பகுதியைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து, அடியில் மணலும் பிளாஸ்டிக் விரிப்பும் போட்டார்கள். கனமான பீரோவை நகர்த்த அடியில் சாக்கை விரித்து இழுப்போமே, அதே சூட்சுமம். நிலம் பக்கவாட்டில் 6 அடி விலகினாலும் அந்தத் துண்டுகள் வழுக்கிக்கொண்டு நகரும். 2012-ல் அரங்கம் மறுபடி திறந்தது.

அதே வளாகத்தில் 1907-ல் கட்டிய ஹெர்ஸ்ட் சுரங்கவியல் கட்டடத்துக்கு வேறு வைத்தியம். ரப்பரும் எஃகும் அடுக்கிய தாங்கிகளின் மேல் முழுக் கட்டடத்தையும் உட்காரவைத்தார்கள். இதற்கு அடித்தளத் தனிமைப்படுத்தல் என்று பெயர். குண்டும் குழியுமான சாலையில் ஸ்கூட்டரின் ஷாக் அப்சார்பர் செய்யும் வேலைதான். கீழே நிலம் துள்ளும். மேலே கட்டடம் மெல்ல ஆடும்.

கட்டடங்கள் தயார். மனிதர்களுக்கு? மின்னல் முந்தும், இடி பிந்தும் அல்லவா? நிலநடுக்கமும் அப்படித்தான். அதிகம் சேதம் செய்யாத முதன்மை அலை நொடிக்கு சுமார் 6 கிலோமீட்டர் ஓடும். கட்டடங்களை உலுக்கும் இரண்டாம் அலைக்கு வேகம் சுமார் 3.5 கிலோமீட்டர்தான். மையத்துக்கு அருகிலுள்ள கருவிகள் முதல் அலையைப் பிடித்ததும் எச்சரிக்கை பறக்கிறது. பெர்க்லி விஞ்ஞானிகளும் சேர்ந்து உருவாக்கிய ஷேக்அலெர்ட் அமைப்பு இயங்குவது இப்படித்தான். மையம் 100 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் சுமார் 20 நொடி கிடைக்கும். அதற்குள் ரயில் வேகத்தைக் குறைக்கலாம். மாணவர் மேசைக்கடியில் புகுந்துகொள்ளலாம்.

ஹேவர்ட் காலடியிலேயே வெடித்தால்? அந்த நொடிகள் கிடைக்காது. அப்போது கைகொடுப்பது ரப்பரும் மணலும், உடம்புக்குப் பழகிப்போன பயிற்சியும்தான். கலிபோர்னியாவில் ஆண்டுதோறும் அக்டோபர் மூன்றாவது வியாழனன்று பெரும் ஒத்திகை நடக்கும். தேதியே நேரத்தையும் சொல்லிவிடும்: 17-ம் தேதி என்றால் காலை 10:17. குனி, மேசைக்கடியில் புகு, மேசைக் காலைப் பிடி என்பதே பாடம்.

காலை ஏன் பிடிக்க வேண்டும்? குலுங்கும்போது மேசை இடம் மாறும். அதோடு நாமும் நகர வேண்டுமே!