துளை வழியே பாயும் நீரின் கணக்கு

தொட்டிச் சுவரில் உள்ள சிறு துளை வழியே நொடிக்கு எவ்வளவு நீர் வெளியேறும் என்பது முக்கியமாக இரண்டு அளவுகளைப் பொறுத்தது: துளையின் பரப்பு, அதன் மையத்துக்கு மேல் நிற்கும் நீரின் உயரம். தொட்டி அகலமா குறுகலா, அதில் மொத்தம் எத்தனை லிட்டர் இருக்கிறது என்பதற்கெல்லாம் இதில் பங்கில்லை.

வேகத்துக்கான விதியை இத்தாலியரான டாரிசெல்லி 1644-இல் வெளியிட்டார். அந்த உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொடும்போது என்ன வேகம் பெறுமோ, அதே வேகத்தில் நீர் துளையை விட்டுப் பாயும். உயரத்தை ஈர்ப்பு முடுக்கமான 9.81-ஆல் பெருக்கி, இரட்டித்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 2 மீட்டர் நீருக்கு வேகம் நொடிக்கு 6.26 மீட்டர். துளையின் விட்டம் 1 செ.மீ. என்றால் பரப்பு 0.785 சதுர செ.மீ.; இரண்டையும் பெருக்கினால் நொடிக்கு 0.49 லிட்டர் வருகிறது.

ஆனால் வாளியில் பிடித்து அளந்தால் 0.3 லிட்டர்தான் தேறும். எல்லாப் பக்கமிருந்தும் துளையை நோக்கி ஓடிவரும் நீரால் கூரிய விளிம்பில் சட்டென்று திரும்ப முடிவதில்லை; வெளியே வந்த பிறகும் அது உள்நோக்கிக் குவிந்துகொண்டே போகிறது. துளையிலிருந்து பாதி விட்டம் தள்ளி, தாரை மெலிந்திருப்பது கண்ணுக்கே தெரியும். அங்கே அதன் பரப்பு துளையின் பரப்பில் சுமார் 63 சதவீதமே. நியூட்டன் 1713-இல் வந்த ‘பிரின்சிப்பியா’வின் இரண்டாம் பதிப்பில் இந்தச் சுருக்கத்தைக் கணக்கில் சேர்த்தார். உராய்வால் வேகமும் சிறிது குறைவதால், கணக்கில் வந்த அளவை 0.61-ஆல் பெருக்க வேண்டும். இதுவே வெளியேற்றக் கெழு.

விளிம்பு மாறினால் கெழுவும் மாறும். உட்புறம் நன்றாக வளைத்து இழைத்த வாய்க்கு அது 0.97 வரை உயரும். வியப்பு என்னவென்றால், துளையில் விட்டத்தைப் போல மூன்று மடங்கு நீளமுள்ள குழாயைப் பொருத்தினாலும் நீர் கூடுகிறது; கெழு 0.82 ஆகிறது. குழாய்க்குள் தாரை சுருங்கும் இடத்தில் அழுத்தம் குறைந்து, அது தொட்டி நீரைக் கூடுதலாக இழுக்கிறது.

நீரின் உயரம் நான்கில் ஒரு பங்காகும்போது பாய்வு பாதியாகிறது. அதனால் நேரான சுவர்கள் கொண்ட தொட்டி அடித்துளை வழியே முழுதும் வடிய, தொடக்க வேகம் குறையாமல் இருந்தால் ஆகும் நேரத்தைப் போல இரு மடங்கு ஆகும். 1 மீட்டர் நீள, அகல, உயரமுள்ள தொட்டி 1 செ.மீ. துளையில் வடிய ஏறத்தாழ 2 மணி 40 நிமிடம் பிடிக்கும்.

ஏரி மதகின் வெளிவாய் வாய்க்கால் நீரில் மூழ்கியிருந்தால், ஏரி மட்டத்துக்கும் வாய்க்கால் மட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டையே உயரமாகக் கொள்ள வேண்டும்.