மொய் நோட்டில் ஒரு வெளிநாட்டுப் பயணம்

சிறுமலையிலிருந்து வாழைத்தாரும் பலாவும் எலுமிச்சையும் திண்டுக்கல்லுக்கு இறங்குவதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழைக்கு மலை தாண்டி எங்கெங்கோ வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாரைச் சுமந்து கூலி வாங்குகிற வீட்டுப் பிள்ளை மலை தாண்டிப் போக நினைத்தால்தான் கணக்கு இடிக்கிறது.

அடிவாரக் காலனி ஒன்றிலிருந்து ஒரு மாணவி சென்ற மாதம் நம்மைத் தேடி வந்தார். சமூகப்பணியில் முதுகலை இறுதியாண்டு. குடும்பத்தில் முதல் பட்டதாரி. வெளிநாட்டில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் ஆறு மாதம் தன்னார்வப் பணி செய்ய இடம் கிடைத்திருப்பதாக ஒரு கடிதம் கையில் இருந்தது. சம்பளம் கிடையாது. விமானச் செலவு அவருடையது. தங்க, சாப்பிட, 'ஒருங்கிணைப்புக் கட்டணம்' என்று இரண்டு லட்சத்துக்கும் மேல் கட்டச் சொல்லியிருந்தார்கள்.

"நம்ம பத்தியில ஒரு வேண்டுகோள் போட முடியுமாண்ணே? பேரு மட்டும் வேணாம். ஊர்ல பிச்சை எடுக்குறானு பேசுவாங்க."

அந்தக் கடைசி வாக்கியம்தான் நம்மை உட்கார வைத்துப் பேச வைத்தது.

படிக்கவும் பயணிக்கவும் பிறரிடம் பணம் கேட்பது பிச்சை என்றால், அண்ணல் அம்பேத்கரை எங்கே வைப்பது? 1913இல் அவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரை பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்குத் தந்த உதவித்தொகையில். அதுவும் சும்மா வரவில்லை. திரும்பி வந்து பத்தாண்டு பரோடா அரசில் வேலை பார்ப்பதாகக் கையெழுத்துப் போட்டார். உதவித்தொகைக் காலம் முடிந்ததும் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு 1917இல் திரும்பினார். பரோடாவில் அவருக்கு வாடகைக்கு வீடு தர ஆளில்லை. பார்சி விடுதியில் தங்கியிருந்தவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். பிறகு பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்திச் சம்பளத்தை மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாகு மகாராஜின் உதவியும் நண்பர் நவல் பதேனாவின் கடனும் சேர்த்து 1920இல் மறுபடி லண்டனுக்குக் கப்பலேறினார். உதவித்தொகை, சேமிப்பு, நன்கொடை, கைமாற்று நான்கும் சேர்ந்து உருவான படிப்பு அது.

நம் காலத்திலும் ஒருவர் இருக்கிறார். ஒடிசாவின் கோராபுட் பகுதியைச் சேர்ந்த தலித் இளைஞர் சுமீத் சாமோஸ். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் படித்தவர், சாதிக்கு எதிராக ராப் பாடுகிறவர். 2021இல் ஆக்ஸ்போர்டில் இடம் கிடைத்தது, பணம் இல்லை. இணையத்தில் பொதுமக்களிடம் கேட்டார். முப்பது லட்சத்துக்கும் மேல் வந்து குவிந்தது. அவர் பெயரை மறைத்துக் கேட்கவில்லை. தான் யார், எந்தச் சாதி, எதற்குப் போகிறேன் என்று சொல்லித்தான் கேட்டார்.

பிரிட்டனில் இப்படிப் பணம் திரட்டுவது சாதாரணம். அந்நாட்டு அரசு நிதியில் நடந்த 'இன்டர்நேஷனல் சிட்டிசன் சர்வீஸ்' திட்டத்தில் ஏழை நாடுகளுக்குத் தொண்டு செய்யக் கிளம்பிய இளைஞர்கள் ஆளுக்கு 800 பவுன் திரட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டது. ஓட்டம் ஓடியும் கேக் சுட்டு விற்றும் திரட்டினார்கள். அவர்களை யாரும் பிச்சைக்காரர்கள் என்று சொன்னதில்லை.

ஆக, கேட்பதில் வெட்கமில்லை. ஆனால் எதற்குக் கேட்கிறோம்? மாணவியின் கடிதத்தில் நமக்கு உறுத்தியது இதுதான். கூலியில்லா வேலை நம் மக்களுக்குப் புதிதா? சாவு சொல்லப் போனதும் மேளம் அடித்ததும் குழி வெட்டியதும் எத்தனை தலைமுறை! அந்தக் குடும்பத்துப் பெண் இன்று கடல் தாண்டிச் சம்பளமில்லாமல் வேலை செய்ய, கையிலிருந்து இரண்டு லட்சமும் கட்ட வேண்டுமாம். தொண்டு என்று பெயர் வைத்துவிட்டால் கேள்வி கேட்கக் கூடாதா?

"அப்போ போகவே வேணாங்கிறீங்களா?" என்றார் அவர். இல்லை, போகத்தான் வேண்டும். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேரப் பணி அனுபவம் கேட்கிறார்கள். ஊதியமில்லாத தன்னார்வப் பணியும் அதில் சேரும். வசதியான வீட்டுப் பிள்ளை அந்த மணிக்கணக்கை அப்பா காசில் சேர்க்கிறது. நம் பிள்ளை விடுமுறையில் மில்லுக்குப் போகிறது. அரசின் உதவியும் இந்த இடத்தில் எட்டாது. 1954-55இல் தொடங்கிய மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான். அதிலேயே 2025இல் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டும் முதலில் கடிதம் கொடுத்துவிட்டு, மற்றவர்களை நிதி இருப்பைப் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். அண்ணல் பெயரில் தமிழக அரசு நடத்தும் திட்டம் ஆண்டுக்கு ரூ.36 லட்சம் வரை தருகிறது. நல்ல திட்டம், தகுதியுள்ளவர்கள் கட்டாயம் விண்ணப்பியுங்கள். ஆனால் அதுவும் பட்டப் படிப்புக்கே.

தன்னார்வப் பணிக்குக் காசு கேட்காத கதவுகள் இருக்கின்றன. ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1970இல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தால் உருவானது. தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில். பதிவுக்குக் கட்டணமில்லை. தேர்வானவர்களுக்கு மாதாமாதம் வாழ்க்கைப்படி தருகிறார்கள். ஜெர்மனி அரசின் 'வெல்ட்வெர்ட்ஸ்' திட்டம் முதலில் ஜெர்மன் இளைஞர்களை நம்மைப் போன்ற நாடுகளுக்கு அனுப்பத்தான் 2008இல் வந்தது. ஒரு வழிப் பாதையாக இருக்கிறதே என்ற விமர்சனம் எழுந்த பிறகு, இங்கிருந்து அங்கே போகிற வழியும் சேர்ந்தது. 18 முதல் 28 வயது வரை போகலாம். பயணம், தங்குமிடம், காப்பீடு, கைச்செலவு எல்லாம் திட்டத்தின் பொறுப்பு. ஆனால் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. இங்குள்ள கூட்டாளித் தொண்டு நிறுவனம் வழியாகத்தான் போக முடியும். அந்தத் தொண்டு நிறுவனத்தாரின் வாசல் நம் காலனிக்குத் திறந்திருக்கிறதா, தங்களுக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளோடு நின்றுவிடுகிறதா என்று நாம் போய்க் கேட்க வேண்டும்.

மாணவியோடு உட்கார்ந்து அந்த முகவருக்கு ஒரு கடிதம் எழுதினோம். கட்டணம் எதற்கு, எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுங்கள். காப்பகத்தின் நேரடி முகவரியும் அதன் பதிவு விவரமும் கொடுங்கள். எந்த வகை விசா? (சுற்றுலா விசாவில் போய் வேலை செய்தால், அது தொண்டாகவே இருந்தாலும், பல நாடுகளில் குற்றம்.) பயணம் ரத்தானால் பணம் திரும்பி வருமா? மூன்று வாரமாகப் பதில் இல்லை. பதில் வரும்வரை ஒரு ரூபாயும் கட்டப் போவதில்லை என்று முடிவெடுத்தது அவர்தான்.

பணம் திரட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. எங்கே போனாலும் பாஸ்போர்ட்டும் மொழிப் பயிற்சியும் வேண்டுமே. காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் மொய் எழுதுகிற ஊர்தானே நம்முடையது! அதே மாதிரி ஒரு நோட்டு போட்டிருக்கிறார். யார் கொடுத்தது, எவ்வளவு, எதற்குச் செலவானது எல்லாம் அதில் இருக்கும். யார் கேட்டாலும் காட்டுவார். மொய் திரும்பச் செய்ய வேண்டியது என்பதால், திரும்பி வந்ததும் காலனிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுப்பதாக நோட்டின் அட்டையிலேயே எழுதி வைத்திருக்கிறார். அட்டையில் பெயரும் இருக்கிறது. பெயர் வேண்டாம் என்று இப்போது சொல்வதில்லை. இந்தப் பத்தியில் நாம்தான் போடவில்லை.

முதல் பக்கத்தில் முதல் வரவு பாஸ்போர்ட்டுக்கான ரூ.1,500. கொடுத்தது அவருடைய அம்மா.

வெளிநாட்டில் தன்னார்வப் பணி செய்துவிட்டுத் திரும்பிய நம் மாவட்டத்து இளைஞர்கள் யாராவது இருந்தால் இந்தப் பத்திக்கு எழுதுங்கள். எந்த நிறுவனம் வழியாகப் போனீர்கள், யார் செலவு செய்தார்கள் என்ற விவரம் இருந்தால் போதும்.