சுவருக்குள் ஓடும் காற்று

குளிர் மிகுந்த நாடுகளில் வாழ்வோர்க்கு வீடு என்பது வெயிலையும் மழையையும் தடுக்கும் கூரை மட்டும் அன்று. அஃது உயிரைக் காக்கும் போர்வையும் ஆகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியிலுள்ள மினியாப்பொலிஸ் நகரில், சனவரித் திங்களில் ஏரிகள் உறைந்து பாறைபோல் இறுகிக் கிடக்கும். வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 பாகை செல்சியசுக்கும் தாழ்ந்துவிடும் இரவுகளும் அங்கு உண்டு. அத்தகைய இரவில் வீட்டினுள் வெப்பம் குன்றுமாயின், முதியோரும் குழந்தைகளும் பெரிதும் அல்லலுறுவர். ஆதலின், அந்நாட்டு வீடுகள் பலவற்றில் நிலவறையில் ஓர் உலையை அமைத்து, அதில் சூடேறும் காற்றை அறைதோறும் கொண்டு செல்லும் குழாய்களைச் சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் பரணிலும் பதித்து வைத்துள்ளனர். பழைய வீடுகளில் அக்குழாய்கள் கசிவதும், அக்கசிவை அடைக்கும் முறையும் அறியத்தக்கவை.

இவ்வமைப்பின் தொடக்கம் மிக எளியது. சூடான காற்று இலேசாகி மேலெழும். குளிர்ந்த காற்று கனத்துக் கீழிறங்கும். இவ்வியற்கை ஒன்றையே துணையாகக் கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நிலவறையின் நடுவே நிலக்கரி எரியும் பேருலை ஒன்றை நிறுத்தினர். அதன் தலையினின்றும் பருத்த தகட்டுக் குழாய்கள் நாற்புறமும் கிளைத்துச் சென்று மேலறைகளில் முடிந்தன. பல கைகளை நீட்டிக் கிடக்கும் கடல் உயிரை ஒத்திருந்தமையால், மக்கள் அவ்வுலையை ‘ஆக்டோபஸ்’ என்றே அழைத்தனர். விசிறி அதில் இல்லை. காற்று மெல்லத் தவழ்ந்தே சென்றது. குழாய்க்குள் அழுத்தம் மிகக் குறைவாக இருந்தமையால், பொருத்துவாயில் சிறு இடைவெளி இருப்பினும் அதன் வழியே பெருங்காற்று வெளியேறவில்லை.

1930களில் மின்விசிறி உலையோடு சேர்ந்து பரவத் தொடங்கியது. தவழ்ந்த காற்று இப்போது தள்ளப்பட்டது. தொலைவிலுள்ள அறைக்கும் வெப்பம் விரைந்து எட்டியது. புதிய குழாய்கள் சிறுத்தன. நிலவறையில் இடமும் மிஞ்சியது. ஆயினும், பழைய வீடுகளில் உலையை மாற்றியவருள் பலர் குழாய்களை மாற்றவில்லை. தவழும் காற்றுக்கெனச் செய்த பொருத்துகள், தள்ளப்படும் காற்றைத் தாங்க வேண்டியவை ஆயின. கசிவு ஒரு பெருங்குறையாக வளர்ந்தது அதன் பின்னரே.

காற்றுக் குழாய் என்பது ஒரே நீளத்தில் வார்த்தது அன்று. ஒரு துண்டின் முனையை மற்றொன்றின் வாயில் செருகிச் செருகித் தகட்டு வேலையர் அதனை நீட்டிச் செல்வர். நீர்க்குழாய்க்கு இடுவது போன்ற மரையோ பற்றாசோ அதற்கு இடுவதில்லை. உலை எரியும்போது தகடு விரியும், அணையும்போது சுருங்கும். இரவில் உலை ஓய்ந்தபின் சுவருக்குள் எழும் ‘டக் டக்’ என்னும் ஓசை இச்சுருக்கத்தால் விளைவதே. ஒரு குளிர்காலத்தில் எண்ணற்ற முறை இவ்வாறு விரிந்து சுருங்கும் பொருத்துகள், ஐம்பது அறுபது ஆண்டுகளில் தளர்ந்து விடுவதில் வியப்பில்லை. அறையிலிருந்து குளிர்ந்த காற்றை உலைக்குத் திருப்பிக் கொணரும் மீள்குழாயின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. பழைய வீடுகள் பலவற்றில் அதற்கெனத் தனிக்குழாயே இல்லை. தரையைத் தாங்கும் இரண்டு மரச்சட்டங்களின் அடியில் ஒரு தகட்டை ஆணியால் அறைந்து, அவ்விடைவெளியையே குழாய் எனக் கொண்டனர். மரம் உலர்ந்து ஒடுங்க, தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே நெடுகிலும் வாய் திறந்தது.

வயலுக்கு நீர் பாய்ச்சும் வாய்க்காலின் கரையில் உடைப்பு இருந்தால் கடைமடைக்கு நீர் எட்டாது. அதுபோலவே, கசியும் குழாயின் கடைசியில் உள்ள அறை குளிர்ந்தே கிடக்கும். ஆனால், வாய்க்காலின் உடைப்பைக் கண்ணால் காணலாம். கரையோரம் சேறாகி நிற்கும் நிலமே அதனைக் காட்டிக் கொடுக்கும். காற்றின் கசிவுக்கு அத்தகைய சான்று எளிதில் புலப்படுவதில்லை. வீட்டுக்காரர் அறை சூடேறவில்லை என்று மட்டுமே அறிவார். அமெரிக்க அரசின் ‘எனர்ஜி ஸ்டார்’ திட்டத்தார், பொதுவாக ஒரு வீட்டுக் குழாய்களில் ஓடும் காற்றில் 20 முதல் 30 விழுக்காடு வரை கசிவாலும் தளர்ந்த பொருத்துகளாலும் வீணாகிறது எனக் கணித்துள்ளனர். நூறு குடம் இறைத்தால் இருபது முப்பது குடம் வழியிலேயே சிந்துகின்றது என்பது இதன் பொருள். இதை அறியாதார் சிலர் முன்னதினும் பெரிய உலையை வாங்கி வைப்பர். அது, ஓட்டைக் குடம் நிரம்பவில்லை என்பதற்காகக் கிணற்றை ஆழப்படுத்துவதை ஒக்கும்.

இழப்பு எரிபொருளோடு நிற்பதும் இல்லை. பரணில் ஓடும் செல்குழாய் கசிந்தால், அறைக்குச் சேரவேண்டிய காற்று கூரைக்கு அடியில் வெளியேறும். விசிறி அறையிலிருந்து எடுக்கும் காற்றின் அளவு மட்டும் குறையாது. ஆகவே, வீட்டினுள் காற்றழுத்தம் வெளியினும் தாழ்கிறது. அக்குறையை நிரப்ப வெளியிலுள்ள குளிர்காற்று கதவிடுக்குகளின் வழியே உட்புகுகிறது. சூடான காற்றை இழந்ததோடு, குளிர்ந்த காற்றை வலிந்து அழைத்ததும் ஆயிற்று. மீள்குழாய் கசியுமாயின் விளைவு வேறு. அஃது ஈரம் படிந்த நிலவறையின் புழுதியையும் பூஞ்சணத்தையும், சில இடங்களில் மண்ணிலிருந்து எழும் ரேடான் என்னும் கதிரியக்க வளியையும் உறிஞ்சி, படுக்கையறை வரையில் கொண்டு சேர்க்கும்.

இவை எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது ஒன்று உண்டு. உலை நிற்கும் அறையிலேயே மீள்குழாய் கசிந்தால், விசிறி அவ்வறையின் காற்றை இழுத்து அங்கு அழுத்தத்தைத் தாழ்த்தும். அப்போது புகைபோக்கி வழியே மேலேறிச் செல்ல வேண்டிய எரிபுகை, மேலே செல்லாமல் கீழே திரும்பும். அப்புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளி கலந்திருக்கக் கூடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின் உயிர்வளியைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலிமையாக இந்நச்சைப் பற்றிக் கொள்ளும். தலைவலியும் மயக்கமும் தோன்றுமுன்னரே உறக்கத்தில் உயிர் நீத்தோரும் உண்டு. எனவே, குழாய்க் கசிவைச் செலவுக் கணக்கில் மட்டும் சேர்த்தல் பொருந்தாது.

கசிவைக் கண்டறியும் வழிகளுள் எளியது ஊதுவத்தி. விசிறியை ஓடவிட்டு, எரியும் ஊதுவத்தியைப் பொருத்துவாயின் அருகில் மெல்ல நகர்த்திச் செல்ல வேண்டும். செல்குழாயில் கசிவு இருப்பின் புகை சிதறி விலகும். மீள்குழாயில் இருப்பின் உள்ளே இழுக்கப்படும். குழாயின்மேல் கண்ணாடிப் பஞ்சு போர்த்தியிருந்தால், அதில் கருத்த கறை படிந்த இடத்தை நோக்க வேண்டும். பல ஆண்டுகளாகக் கசிந்த காற்றின் தூசியைப் பஞ்சு வடிகட்டிப் பிடித்து வைத்த அடையாளம் அது. கசிவின் அளவை அறிய விரும்பும் வல்லுநர், அறைகளில் உள்ள காற்றுவாய்களை எல்லாம் அடைத்துவிட்டு, அளவு குறித்த விசிறி ஒன்றால் குழாய்க்குள் 25 பாஸ்கல் அழுத்தத்தை உண்டாக்குவர். இரண்டரை மில்லிமீட்டர் உயர நீர் தரும் அழுத்தமே அது. அவ்வழுத்தம் குன்றாமல் நிற்க எவ்வளவு காற்றைச் செலுத்த வேண்டியுள்ளதோ, அவ்வளவே கசிவு.

வேலையைத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. 1970களுக்கு முன் கட்டிய வீடுகளில், பொருத்துகளின்மேல் வெண்ணிறத் தாள் போன்ற பட்டையோ, உலையின்மேல் சாந்துப் பூச்சோ காணப்படின், அது கல்நாராக இருக்கலாம். கல்நாரின் நுண்ணிழைகள் மூச்சோடு நுரையீரலுள் புகுந்து, பல ஆண்டுகள் கழித்தும் புற்றுநோயை விளைவிக்க வல்லவை. அதனைச் சுரண்டுதலும் கிழித்தலும் கூடா. பயிற்சி பெற்றோர் வந்து ஆராய்ந்து, உரிய காப்புடன் நீக்கிய பின்னரே, அல்லது மூடிக் காப்பிட்ட பின்னரே மற்றவர் குழாயை நெருங்க வேண்டும்.

இனி, அடைக்கும் பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘டக்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் காற்றுக் குழாயைக் குறிக்கும். ‘டக்ட் டேப்’ என்றொரு வெள்ளி நிற நாடா உலகெங்கும் விற்கப்படுகிறது. பெயரைக் கேட்டோர் இஃது அதற்கென்றே பிறந்தது என்று எண்ணுவர். உண்மை அஃதன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், இல்லினாய் மாநிலத்துப் படைக்கலத் தொழிற்சாலையில் வெஸ்டா ஸ்டவுட் என்னும் பெண்மணி பணிபுரிந்தார். அவருடைய மைந்தர் இருவர் கடற்படையில் இருந்தனர். தோட்டாப் பெட்டிகளை மூடிய தாள் நாடாவின் முனை, பிரிக்க இழுத்தவுடன் அறுந்துவிடுவதை அவர் கண்டார். பகைவர் சுடும்போது வீரன் பெட்டியைத் திறக்க இயலாமல் திண்டாடுவானே என்று வருந்தி, நீர் புகாத துணிநாடாவைப் பயன்படுத்தலாம் என மேலாளரிடம் கூறினார். பயன் விளையாமையால், 1943ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்கே மடல் எழுதினார். கருத்து ஏற்கப்பட்டது; ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனத்தார் அந்நாடாவைச் செய்தளித்தனர். போருக்குப் பின்னரே அது வீடுகளின் காற்றுக் குழாய்களில் ஏறிற்று. ‘டக்’ என்னும் தடித்த பருத்தித் துணியால் வந்த பெயரே பின்னர்த் திரிந்தது என்பாரும் உளர்.

1998ஆம் ஆண்டில், கலிபோர்னியாவில் உள்ள லாரன்ஸ் பெர்க்கிலி தேசிய ஆய்வகத்தைச் சார்ந்த மாக்ஸ் ஷெர்மன், இயன் வாக்கர் என்னும் அறிஞர் இருவர், அடைப்புப் பொருள்கள் பலவற்றைக் குழாய்ப் பொருத்துகளில் இட்டு, சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் மாறிமாறிச் செலுத்தி ஆராய்ந்தனர். மற்றவை நிலைத்து நிற்க, ரப்பர்ப் பசை தடவிய துணிநாடா ஒன்றே தவறாமல் தோற்றது. வெப்பத்தில் அதன் பசை உலர்ந்து, நாடா கழன்று வீழ்ந்தது. காரணப்பெயர் எனக் கருதப்பட்டது வெறும் இடுகுறியாய் நின்றது என்று இலக்கணம் கற்றோர் நகைக்கலாம். சாந்தும் இறுக்கும் பட்டையும் சேராமல் இந்நாடாவை மட்டும் குழாயில் ஒட்டுவதைக் கலிபோர்னியா மாநிலக் கட்டட விதிகள் ஏற்பதில்லை.

குழாய்க்கு ஏற்றது ‘மாஸ்டிக்’ என்னும் குழைசாந்து. முதலில் தளர்ந்த துண்டுகளைச் சேர்த்து, வட்டக் குழாயாயின் பொருத்து ஒன்றுக்கு மூன்று திருகாணிகளைச் சம இடைவெளியில் முடுக்க வேண்டும். சாந்து காற்றைத் தடுக்குமேயன்றிச் சுமையைத் தாங்காது. பின்னர் எண்ணெயும் தூசியும் போகத் தகட்டைத் துடைத்தல் வேண்டும். பலரும் விரைந்து கடந்துவிடும் வேலை இது. தூசியின்மேல் பூசிய சாந்து தூசியோடு உரிந்து வருவதும் இதனாலேயே. அதன்பின் தூரிகையாலோ கையுறை அணிந்த கையாலோ நாணயத்தின் கனத்தில் சாந்தைப் பொருத்தைச் சுற்றிலும் அப்ப வேண்டும். இடைவெளி 6 மில்லிமீட்டருக்கு மேற்படின், கண்ணாடி இழை வலையை அதன்மேல் இட்டு, வலை மறையுமாறு மீண்டும் பூச வேண்டும். காய்ந்த பின்னும் இச்சாந்து சற்றே நெகிழ்ச்சியுடன் இருத்தலால், தகடு விரிந்து சுருங்கும்போது வெடிப்பதில்லை. பரணிலும் குளிர்ந்த நிலவறையிலும் ஓடும் குழாய்க்கு இறுதியில் கண்ணாடிப் பஞ்சு போர்த்துவர்.

சுவருக்குள் மறைந்த குழாயில் தூரிகை எட்டாது. அதற்கும் ஒரு வழி 1990களில் அதே ஆய்வகத்தில் மார்க் மொடேரா என்பவரால் காணப்பட்டது. காற்றுவாய்களை எல்லாம் அடைத்து, நுண்ணிய பிசின் துகள்களைக் காற்றோடு கலந்து குழாய்க்குள் செலுத்துவர். வெளியேற வேறு வழியின்மையால், காற்று கசிவுவாயை நாடித் திரும்பும். கனமுள்ள துகள் அத்திருப்பத்தில் காற்றைப் பின்தொடர மாட்டாமல், வாயின் விளிம்பில் ஒட்டிக் கொள்ளும். அதன்மேல் மற்றொன்று, பின்னும் ஒன்று என அடுக்கி, இடைவெளி தானே மூடுகிறது. ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் வரையுள்ள வாய்களை இது மூடும். கழன்று கிடக்கும் குழாயைக் கையால்தான் சேர்க்க வேண்டும்.

எதை முன்னர் அடைப்பது என்பதிலும் கருத்து வேண்டும். உலை அறையில் செல்குழாய்க் கசிவு காற்றை நிரப்ப, மீள்குழாய்க் கசிவு அதனை இழுத்துக் கொள்ளும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து நிற்றல் உண்டு. செல்குழாயை மட்டும் அடைத்துவிட்டால் ஈடு அழிந்து, எரிபுகை கீழே திரும்பும். ஆகலின், அவ்வறையில் மீள்குழாயையே முதலில் அடைப்பர். அனைத்தும் முடிந்த பின், கதவுகளையும் சாளரங்களையும் சாத்தி, வீட்டிலுள்ள விசிறிகளை எல்லாம் ஓடவிட்டு, எரிவாயு உலையைச் சில நிமிடம் எரியவைத்து, புகைபோக்கி தொடங்கும் வாயின் அருகே ஊதுவத்தியைப் பிடித்துப் பார்ப்பர். புகை உள்ளே வளைந்து மேலேறினால் நன்று. வெளியே தள்ளப்படின் உடனே உலையை அணைத்து, வல்லுநர் வந்து காரணம் கண்டு நீக்கும்வரை மூட்டாதிருத்தல் வேண்டும். கார்பன் மோனாக்சைடைக் கண்டு ஒலிக்கும் கருவி ஒன்றைப் படுக்கையறைக்கு அருகில் பொருத்திய பின்னரே வேலையாள் விடைபெறுதல் முறை.